ராசிக்காரன் தலை

அந்தக் குடும்பத்தில் ஒருவர் பரீட்சைக்குக் கிளம்பினால், பேனா எடுத்துக்கொண்டாரா என்று பார்ப்பதற்கு முன்னால் அவன் தலையைத் தொட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். நேர்காணல், வீடு பார்க்கப் போவது, பல் பிடுங்குவது, பழைய பிரிட்ஜை விற்பது என்று எதுவானாலும் வாசல் தாண்டுமுன் அவன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. அது முடிந்தால்தான் புறப்பட்டதாக அர்த்தம். கைராசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முகராசியும் உண்டு. தலைராசி இந்த ஒரு வீட்டில்தான்.

ஆரம்பித்து வைத்தவர் அவனுடைய மாமா, அம்மாவின் தம்பி. அப்போது அவனுக்கு நாலைந்து வயது இருக்கும். வேலை இல்லாமல் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த மாமா ஒருநாள் காலை நேர்காணலுக்குக் கிளம்பினார். புது ஷூ, இறுக்கம். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை நுழைக்கப் பிடிமானம் தேடியவருக்கு, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையனின் தலை சரியான உயரத்தில் கிடைத்தது. அதை ஊன்றிக்கொண்டு ஷூவை மாட்டினார், போனார், வேலை கிடைத்துவிட்டது. அவர் படித்த படிப்பு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டதும் யாருக்கும் தோன்றவில்லை. "கிளம்பும்போது இவன் தலையில கை வச்சேன்கா" என்றார் மாமா. வாசலில் ஒரு கைப்பிடிச் சுவர் இருந்திருந்தால் அவனுடைய வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும்.

அன்றிலிருந்து அவனுக்கு ராசி என்று பெயர். வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும் இருந்தது.

பையனுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கைகள்தான். பாத்திரம் கழுவிய ஈரத்தோடு வரும் கை, வெங்காயம் மணக்கும் கை, மோதிரம் உச்சியில் இடிக்கும் கை, பயத்தில் வியர்த்து ஊறிய கை. தூங்கிக்கொண்டிருப்பான். சித்தப்பாவுக்கு அதிகாலை ரயில். கண் விழிப்பதற்குள் தலைமேல் ஒரு பாரம் வந்து அமுங்கிவிட்டுப் போய்விடும். சாப்பிட்டுக்கொண்டிருப்பான், சித்தி பின்னாலிருந்து வந்து அழுத்துவாள், வாயில் இருந்தது தட்டில் விழும். யாரும் அவனை அடிக்கவில்லை, கிள்ளவில்லை, தப்பான இடத்தில் கை வைக்கவில்லை. அதனால் புகார் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தோள்கள் தானாகக் காதுவரை ஏறும், கண்கள் இறுக மூடும், முதுகில் ஏதோ ஊர்வது போலிருக்கும். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் சொன்னால்தான் ஆச்சா?

பதினைந்து வயதில் ஒருமுறை வாயைத் திறந்தான். "தலையில கை வைக்காதீங்க, எனக்குப் பிடிக்கலை" என்றான். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"தொட்டா தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா.

சித்திக்கு மட்டும் ரோஷம் வந்தது. "வேண்டாம்னா விடுங்க. இவன் தலையாலயா உலகம் சுத்துது" என்று தொடாமலே கிளம்பிப் போனாள். போனவள் தெருமுனையில் சறுக்கி விழுந்தாள், காலில் எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டோடு படுத்திருந்தவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். முந்தின நாள் மழையில் தெரு வழுக்கிக்கொண்டு கிடந்தது ஒருவர் கணக்கிலும் வரவில்லை. கடைசியில் அவனே போய்ச் சித்தியின் கட்டிலோரம் மண்டியிட்டுத் தலையை நீட்டினான். அதற்கப்புறம் வெகுகாலம் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை கைகளில் அதிகம் பட்டது அக்காவின் கை. எட்டு வயது மூத்தவள். அம்மா துணி மில்லுக்கு ஷிப்ட் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, இடுப்பில் சுமந்து, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். அவளுக்குப் பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது ஒரு தொடல், கேஸ் தீர்ந்துபோனால் ஒரு தொடல், மனசு சரியில்லை என்றால் சும்மா ஒரு தொடல். மற்றவர்களிடமிருந்து நழுவி ஓட அவன் கற்றுக்கொண்டான். அக்காவிடம் மட்டும் ஓட மனசு வராது, நிற்பான். தோள் காதுக்கு ஏறும், அவள் கவனித்ததில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. யார் தலையையும் தொடாமல்தான் போனான், தன் தலையைத் தானே தொட்டுக்கொள்ளவா முடியும்? பார்வையைச் சோதிக்க வேறு ஆள் உண்டு. அவன் வேலை பிரேமை முகத்துக்குப் பொருத்துவது. கண்ணாடிக் காலின் நுனியைச் சூட்டில் காட்டி இளக்கி, காதுக்குப் பின்னால் எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைப்பான். மூக்கின்மேல் உட்காரும் சின்னப் பட்டைகளைக் குறட்டால் ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவான். இதற்கெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் காது மடலையும் நெற்றிப் பொட்டையும் தொட்டாக வேண்டும். முதல் நாள், முதல் ஆளிடமே அவன் வாயில் தானாக வந்தது: "காதுக்குப் பின்னாடி விரல் வைக்கிறேன், பரவாயில்லைங்களா?"

அதிலிருந்து கேட்காமல் யாரையும் தொட்டதில்லை. பெரும்பாலும் எல்லாரும் "ம்" என்பார்கள். சிலர் "வேண்டாம், நானே போட்டுப் பாக்கறேன்" என்பார்கள். பிரேமை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, மேஜைக் கண்ணாடியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான். "நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவங்க பவரே மாறிடும்பா" என்று முதலாளி கிண்டல் செய்வார். சிரித்துக்கொள்வான், மறுபடியும் கேட்பான்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் குழம்பிப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வரிசையாக வந்து மாப்பிள்ளை தலையில் கை வைக்கிறார்களே, ஆசீர்வாதமா என்று பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கின்றன. ஒரு பெரியவருக்கு மறுநாள் கோர்ட்டில் வழக்கு. ஒரு தடவை வைத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றி வந்து இன்னொரு தடவையும் வைத்தார். மணப்பெண் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள், எதையும் நேராகக் கேட்டே பழக்கம். மறுநாள் அவனிடம், "உங்க தலை என்ன, பஸ் ஸ்டாண்டா?" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அவன் தலையால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை என்பதே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

முப்பதைத் தாண்டியதும் முடி கொட்டத் தொடங்கியது. நியாயம்தான், அத்தனை கை பட்டால் படிக்கட்டே தேயும். வழுக்கை விழுந்ததும் விட்டுவிடுவார்கள் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டான். நடந்தது வேறு. முடி இல்லாததால் கை நேராகவே பட்டது. அதற்குள் சில காரியங்கள் வரிசையாகச் சறுக்கின. மாமாவின் பேரனுக்குப் பள்ளி அணியில் இடம் கிடைக்கவில்லை, சித்தியின் பூனை காணாமல் போனது. குடும்பம் கூடி யோசித்தது. அக்காதான் கண்டுபிடித்தாள்.

"ராசி முடியோட போயிருக்கும். பொண்ணுகிட்ட இறங்கியிருக்கும் பாருங்க."

அவன் மகளுக்கு அப்போது ஏழு வயது. அடர்ந்த முடி, இரட்டைப் பின்னல். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய அக்கா, அன்று சாயங்காலமே சோதித்துப் பார்த்தாள். கை வருவதைப் பார்த்துக் குழந்தை குனிந்து நழுவினாள். "நில்லுடி, ஒரு நிமிஷம்தான்" என்று ஒரு கையால் மோவாயைப் பிடித்து நிறுத்தி, மறு கையால் உச்சியில் அழுத்தினாள் அக்கா. குழந்தையின் தோள்கள் காதுவரை ஏறின, கண்கள் இறுக மூடின.

எதிரே டீயோடு உட்கார்ந்திருந்தான் அவன். தன்னையே வெளியிலிருந்து பார்த்தது போல இருந்தது. வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. டீயைக் குடித்து முடித்தான். குடித்து முடித்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள், அம்மா வேலை முடிந்து வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இரண்டு நாள் கழித்து, ஒரு வாடிக்கையாளர் போனதும் அவள் கேட்டாள்.

"அப்பா, கடைக்கு வர்றவங்களை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தொடறீங்க."

"ஆமா."

"அத்தை என்னைக் கேக்கவே இல்லை."

"அவங்க நம்ம அத்தைதானேம்மா."

"அப்போ நம்மளவங்கன்னா கேக்க வேண்டாமா?"

அவன் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. அதைத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். தனக்குத்தான் பழகிவிட்டது, இவளுக்கும் பழகிவிடும் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. பழகவேயில்லை என்று முதுகு சொன்னது. நாற்பது வயதாகியும் பழகவில்லை. இவளும் இப்படியே ஊர்ப்பட்ட கைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு வளர வேண்டுமா? வளர்ந்த பிறகு தலை மட்டும்தான் என்று எவன் நிற்பான்?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். எப்போது சொல்வது என்பதில்தான் கோட்டைவிட்டான். நல்ல நாளாகப் பார்த்துத் தனியாக அக்காவிடம் பேசியிருக்கலாம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அக்கா மகன் லிப்ட் கம்பெனி நேர்காணலுக்குப் புறப்படும் காலையில், மொத்தக் குடும்பமும் கூடியிருந்த கூடத்தில் போய் அது வெளியே வந்தது.

"பாப்பா, இங்க வா. அத்தானுக்குத் தலையைக் காட்டு" என்றாள் அக்கா.

குழந்தை அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்கா" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"அவளைத் தொட வேண்டாம். அவளுக்குப் பிடிக்கலை." திறந்த வாய் மூடவில்லை. "எனக்கும் பிடிக்கலை. எப்பவுமே பிடிச்சதில்லை."

மாமா சிரிக்கப் பார்த்தார். "என்னடா ராசி, புதுசா?"

"புதுசில்லை மாமா. நீங்க ஷூ மாட்டின நாள்லேருந்து."

அக்காவின் முகம் தொங்கிப்போனது. அக்கா மகனுக்குத்தான் சங்கடம், "விடும்மா, நேரமாச்சு" என்று எந்தத் தலையையும் தொடாமல் படி இறங்கிப் போனான். வேலை கிடைக்கவில்லை.

அப்புறம் என்ன, போன் ஓயவில்லை. "நான் அன்னைக்கே காலை உடைச்சுக்கிட்டு அனுபவிச்சவ" என்றாள் சித்தி. மாமா, "உனக்கென்னடா குறைஞ்சு போச்சு, கொடுக்கிற கை மாதிரி கொடுக்கிற தலை உனக்கு" என்று தத்துவம் பேசினார். குறைந்துபோனது என்ன என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. மனைவி மட்டும், "சொன்னது சரி. சொன்ன நேரம்தான் சொதப்பல்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு இஸ்திரிக்குப் போனாள்.

குடும்பம் மறுபடி கூடி யோசித்தது. அவர்கள் யோசித்தால் என்ன கிடைக்கும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் எல்லாரும் அவனிடம் ராசியை வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் செய்யாததால் மனசு கசந்து போயிருக்கிறான் என்று முடிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பெரிய பையோடு வந்தாள். அவனுக்கு இரண்டு சட்டை, மனைவிக்குக் கைப்பை, குழந்தைக்கு ஒரு கவுன்.

"தப்பு எங்க மேலதான்டா. வாங்கத் தெரிஞ்சுதே தவிர கொடுக்கத் தெரியலை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதில் பொய்யில்லை.

"அக்கா, எனக்குச் சட்டை வேண்டாம்."

"அளவு பத்தாதா? மாத்திக்கலாம், பில் இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவனுக்கு. "தொட வேண்டாம்னு நான் சொன்னதுக்கு, தொட வேண்டாம்கிறதுதான்கா அர்த்தம். அதுக்குப் பின்னாடி வேற ஒண்ணும் இல்லை."

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். "உன்னைக் குளிப்பாட்டினவ நான். இடுப்பு வலிக்க வலிக்கத் தூக்கிட்டுத் திரிஞ்சவ. உன்னைத் தொட நான் கேக்கணுமா?"

"கேக்கணும்கா."

"கேட்டா?"

"சில நாள் சரின்னு சொல்வேன். சில நாள் வேண்டாம்னு சொல்வேன். பாப்பாவும் அப்படித்தான்."

"வேண்டாம்னு சொன்னா நான் என்ன செய்யறது?"

சண்டைக்குக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கட்டிப்பிடிப்பது, தோளில் சாய்வது எல்லாம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பயம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவர்களுக்கு இருந்த ஒரே வழி அவன் தலை. அது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கா பையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை, போனும் இல்லை. அவன் கூப்பிட்டால் அவள் மகன்தான் எடுத்தான், "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்றான். ஒரு மனுஷி அத்தனை தடவை குளிக்க முடியாது. தலை இப்போது அவனுடையதாக இருந்தது, ஒரு கை கிட்டே வரவில்லை. ஆனால் அக்கா இல்லாமல் அவனுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. தொட வேண்டாம் என்றுதான் சொன்னான், வர வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று மனைவியிடம் புலம்பினான். ஒருநாள் அந்தச் சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். அளவு சரியாகத்தான் இருந்தது.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், ஒரு காலை நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. குழந்தைதான் போய்த் திறந்தாள். வாசலில் அக்கா, பின்னால் படிக்கட்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் மகன். இன்னொரு கம்பெனி நேர்காணலாம், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியாம். பஸ் நிறுத்தம் எதிர்த் திசையில் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

அக்கா உள்ளே வரவில்லை. வாசலிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள்.

"பாப்பா. அத்தான் இன்னைக்கு வேலைக்குப் பேசப் போறான். உன் தலையில அத்தை ஒரே ஒரு தடவை கை வைக்கட்டுமா?"

கேட்டுவிட்டாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் கேட்டுவிட்டார். இத்தனை தூரம் இறங்கி வந்துவிட்டாளே, இனி என்ன? குழந்தை ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும், அக்கா உள்ளே வந்து உட்காருவாள், டீ குடிப்பாள். ஒரு நொடிதானே, ஒன்றும் தேய்ந்துவிடப் போவதில்லை. அம்மா அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை தன் மனசுக்குள் ஓடியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. புருவத்தைத் தூக்கி, "சரின்னு சொல்லும்மா" என்று கண்ணாலேயே ஜாடை காட்டினான். சமையலறை வாசலில் நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டு அவனை முறைத்தாள்.

குழந்தை அத்தையைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்ததை ஒன்று விடாமல் படித்துவிட்டாள் என்பது அவனுக்கே தெரிந்தது. மறுபடியும் அத்தை பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் அத்தை" என்றாள். கோபமும் இல்லை, பயமும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னாள்.

அக்காவின் வலது கை பாதி உயர்ந்திருந்தது. அது அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. மகளை அதட்ட அவன் வாயெடுத்தான், வந்த வார்த்தையை விழுங்கினான். கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் மல்லுக்கட்டினான். கேட்டால் வேண்டாம் என்றும் பதில் வரும் என்பதற்கு அவனே தயாராக இல்லை. ஒரு நிமிஷத்தில் அக்கா கட்சிக்குத் தாவிவிட்டிருந்தான். நல்ல வேளை, குழந்தை தாவவில்லை.

"சரி" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் பிசிறியது. "சரி பாப்பா." கையை இறக்கித் தன் முட்டியில் ஊன்றி எழுந்தாள். அவனைப் பார்த்தாள்.

"கேட்டேன்டா."

"ஆமாக்கா."

"கஷ்டமா இருக்குடா."

"தெரியும்கா."

"சாயங்காலம் வரேன். டீ போட்டு வை" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மகன் அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். குழந்தை கதவைச் சாத்தாமல் அவர்கள் கீழே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்க உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்வதாக இல்லை. கிடைக்கவில்லை என்றால், ஒரு தொடலில் என்ன ஆகிவிடும், பாவம் அந்தப் பையன் என்பீர்கள். கிடைத்தது என்றால், பார்த்தீர்களா, தொடாமலே கிடைத்தது என்று தலையாட்டுவீர்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் கையும் அந்தச் சின்னத் தலையைத் தேடித்தான் போகும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.